இருபத்து மூன்று நீலத்தாள்கள்

“எண்ணிப் பார்த்தியா?”

“மூணு தடவை.”

“இன்னொரு தடவை எண்ணு.”

“அண்ணா, எத்தனை தடவை எண்ணினாலும் அது குட்டி போடாது. இருபத்து மூணுதான்.”

அண்ணன் சமையலறை மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தான். காதில் சிவப்புப் பேனா, முன்னால் அச்சகத்திலிருந்து வந்த தாள்கள். வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக் கொடுப்பது அவன் வேலை. ஆனால் இன்று காலை தங்கை மேசைமேல் பரப்பியிருந்த தாள்களில் எழுத்தே இல்லை. வெங்காயத் தோல்போல மெல்லிய வெளிர்நீலத் தாள்கள். ஜன்னல் காற்றில் அவை லேசாக மூச்சு விட்டன. பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு கொத்தின் மேலும் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அப்பாவின் மருந்துச் சீட்டைத் தேடித்தான் கைப்பையின் அடி அறையைத் திறந்தாள். பத்து நாளாக அதைத் திறக்கவில்லை. அதே பத்து நாளாக அண்ணியோடு பேசவும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே நாள்தான்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த நாள் அது. தங்கையும் அண்ணியும் ஒரே கார் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். அண்ணி காரின் உடலை வடிவமைப்பவள். அவள் வரைந்ததை ஒட்டறையில் கையால் அடுக்கி ஒட்டுபவள் தங்கை. போன் வந்ததும் தங்கை கையுறையை உருவி எறிந்துவிட்டு ஓடினாள். அண்ணி ஓடவில்லை. குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்த பசையைக் குறித்த நேரத்துக்குள் வேகவைத்தாக வேண்டும், ஒட்டிய பலகை சூட்டு அச்சில் இருக்கும்வரை யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, தங்கை கேட்டுவிட்டாள். “உங்களுக்கு மனுஷங்களைவிடத் தகரம் பெருசா அண்ணி?”

அண்ணி மருந்து வாங்கப் போய்விட்டாள். அப்பாவுக்கு எலும்பு முறிவு எதுவும் இல்லை, இடுப்பில் பிசகுதான் என்று தெரிந்த பிறகும் அந்த வார்த்தை மட்டும் வராந்தாவிலிருந்து வீட்டுக்குக் கூடவே வந்து குடியேறிவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் எல்லாப் பேச்சும் அண்ணன் வழியாகத்தான். துணி காய்ந்துவிட்டது என்று உங்கள் தங்கச்சியிடம் சொல்லுங்கள் என்பாள் ஒருத்தி. எடுத்தாகிவிட்டது என்று உன் வீட்டம்மாவிடம் சொல் என்பாள் இன்னொருத்தி. இருவரும் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி, எனக்கு எல்லாப் பக்கமும் என்று அண்ணன் அலுத்துக்கொள்வான்.

நல்ல நாட்களில் அண்ணி அவனை வேறு மாதிரி கேலி செய்வாள். அவள் வடிவமைக்கும் கார் உடல் முழு இரும்பு அல்ல. நகத்தின் தடிமனே உள்ள இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் தேன்கூடுபோல அறை அறையாகப் பின்னிய அலுமினியத்தாள். சாண்ட்விச் மாதிரி. தனித்தனியாக எடுத்தால் மூன்றையும் கையாலேயே வளைத்துவிடலாம். சேர்த்து ஒட்டினால் அது ஒரு பலகை, மேலே ஏறி நின்று குதித்தாலும் அசையாது. “நீங்கதான் நம்ம வீட்டுத் தேன்கூடு,” என்பாள் அவனிடம். “உள்ள வெறும் காத்துதான். ஆனா நீங்க இல்லைன்னா நாங்க ரெண்டு பக்கமும் மடங்கிடுவோம்.”

தகடும் தேன்கூடும் கடையில் கிடைப்பவை. வித்தை முழுக்க ஒட்டுவதில்தான் இருக்கிறது. பசை அங்கே தாளாக வருகிறது, இரண்டு முகத்திலும் நீலத்தாள் மூடியபடி. ஒட்டும்போது இரண்டையும் உரித்துவிட வேண்டும். உரித்த நீலத்தாளைக் குப்பையில் போடக்கூடாது என்பது ஒட்டறையின் முதல் சட்டம். சுவரில் பலகைக்கு ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு பை. தகடு ஒன்றுக்கு ஆறு பட்டையாக ஒரு பக்கப் பலகைக்குப் பன்னிரண்டு பசைத்தாள், அப்படியென்றால் பையில் இருபத்து நான்கு நீலத்தாள். எண்ணி, அட்டையில் எழுதி, அடுக்கியவரும் சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பலகை அச்சுக்குள் போகும்.

அன்று அவள் எண்ணவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கினாள். கையில் இருந்த பையைக் கொக்கியில் மாட்டுவதற்குப் பதில் கைப்பைக்குள் திணித்திருக்கிறாள்.

“ஒண்ணு கீழ விழுந்திருக்கலாம்ல?” என்றான் அண்ணன்.

“இருக்கலாம். இல்ல, பலகைக்குள்ளயே இருக்கலாம். அப்படி இருந்தா அந்த இடத்துல தகடு ஒட்டல அண்ணா. சும்மா உக்காந்திருக்கு. பக்கவாட்டுல ஒரு வண்டி வந்து இடிச்சா தகடு உரிஞ்சு தனியா வந்துடும்.”

அந்தப் பலகைதான் இன்று பதினோரு மணிக்குச் சோதனைக்காக இடிபடப் போகிறது. நாலு வருஷ வேலையில் உருவான ஒரே ஒரு கார் உடல். தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மாள் நேரில் பார்க்க வருகிறார். பலகை தாங்கினால் அண்ணியின் வடிவம் அடுத்த கட்டத்துக்குப் போகும். தாங்காவிட்டால் பழையபடி கனத்த இரும்புதான் என்று எழுதி மூடிவிடுவார்கள். அண்ணி காலை ஆறு மணிக்கே கிளம்பிப் போயிருந்தாள்.

அண்ணன் காதிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, மறுபடி மூடினான்.

“பிழைய அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னா திருத்தம். அப்புறம் சொன்னா வருத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச தொழில்.”

அண்ணியின் சிபாரிசில் வந்தவள் என்று ஏற்கெனவே ஒட்டறையில் ஒரு பேச்சு உண்டு. இதைச் சொன்னால் அவள் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அண்ணியின் நாலு வருஷம் போகலாம். அதுவும் யாருக்கும் காரணம் தெரியாமல், வடிவமே தப்பு என்ற பெயரோடு.

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. இவ்வளவு நேரம் தூங்குவதாக நினைத்திருந்தார்கள்.

“நான் விழுந்ததுக்கு அந்த வண்டியும் விழணுமா? போய்ச் சொல்லும்மா. போன்ல சொல்லாத. நேர்ல போ.”

*

பஸ்ஸில் அவள் என்ன சொல்வது என்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனாள். எல்லா வாக்கியமும் ‘அண்ணி’ என்றுதான் தொடங்கியது. அந்த ஒரு சொல்லிலேயே நாக்கு நின்றது.

சோதனைக் கூடம் நீளமான பெரிய கொட்டகை. ஒரு கோடியில் தண்டவாளத்தின் மேல் இடிவண்டி, மழுங்கிய மூக்கோடு. மறுகோடியில் அண்ணியின் கார். வண்ணம் இல்லை, கண்ணாடி இல்லை, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் எடைக்கட்டைகள். கரையில் ஒதுங்கிய ஏதோ பெரிய மீன் வெயிலில் வெளுத்ததுபோல வெள்ளியாக நின்றது. இடப்பக்கத்தை இடிவண்டிக்குக் காட்டிக்கொண்டு.

முன் இருக்கையில் ‘மாப்பிள்ளை’ உட்கார்ந்திருந்தார். சோதனைப் பொம்மைக்கு அந்தக் கூடத்தில் அதுதான் பெயர். நாலு பேர் சேர்ந்து துடைத்து, சட்டை மாட்டி, தூக்கி உட்கார வைத்து, கன்னத்தில் வண்ணம் பூசுவார்கள். விலாவில் பட்டால் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க உள்ளே கருவிகள். அவருக்கு ஒரு கீறல் என்றால் மொத்தக் கூடமும் தலைகுனியும். அவரோ இன்றுவரை யாரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்ததில்லை.

அண்ணி கார் அருகே மண்டியிட்டு ஏதோ கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி.”

அண்ணி திரும்பவில்லை. ஆனால் கை நின்றது.

“இடப்பக்கப் பலகைக்குள்ள ஒரு நீலத்தாள் இருக்கலாம். நான் அன்னிக்கு எண்ணாம கையெழுத்துப் போட்டுட்டேன். பை என்கிட்டயே இருந்திருக்கு. இருபத்து மூணுதான் இருக்கு.”

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவுமே இது அல்ல. இதைவிட நல்லதாக நாலைந்து இருந்தன.

அண்ணி எழுந்து பையை வாங்கினாள். ஒரே தடவைதான் எண்ணினாள். பிறகு கொட்டகைக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே ஒரு புறா மட்டும் இருந்தது. கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு நாணயத்தை எடுத்தாள்.

“போய் சாக்பீஸ் எடுத்துட்டு வா.”

பத்து நாளைக்குப் பிறகு அண்ணி நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

நன்றாக ஒட்டிய இடத்தை நாணயத்தால் தட்டினால் ‘டிங்’ என்று கேட்கும். ஒட்டாத இடம் ‘டொக்’ என்னும். தர்பூசணி வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். அண்ணி காற்றழுத்தி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். கூடம் அமைதியானது. புறாவின் இறக்கைச் சத்தம்கூடக் கேட்டது.

சோதனைக்கூடத் தலைவர் வேகமாக வந்தார். எப்போதும் கையில் நேரமானி வைத்திருப்பதால் அவருக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பதினோரு மணிக்கு இடி, இப்போது எட்டு ஐம்பது, இந்த நேரத்தில் என்ன தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணி வாயில் விரலை வைத்தாள். அவர் நேரமானியை அழுத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

வெளித்தகட்டை இருவரும் விரல் விரலாகத் தட்டிக்கொண்டு போனார்கள். முதல் பட்டை, இரண்டாவது, மூன்றாவது. டிங். டிங். டிங். ஆறாவது பட்டையும் முடிந்தது. தங்கைக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசாகியது. கீழே விழுந்து, காலில் ஒட்டி, எங்கேயோ போயிருக்கும் அந்த ஒரு தாள்.

“உள்தகடு பாக்கி,” என்றாள் அண்ணி.

மாப்பிள்ளையை இறக்காமல் உள்ளே நுழைய அண்ணியால் முடியாது. தங்கை ஒல்லி. அவருடைய காலணிக்கும் கதவுக்கும் நடுவே பக்கவாட்டில் படுத்து ஊர்ந்தாள். உள்ளே உலோக வாசனையும் புதுப்பசையின் இனிப்பு வாசனையும் இருந்தன. பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணியின் கோட்டு உரசும் சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது அந்தப் பலகை மட்டும்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டிங்.

ஐந்தாவது பட்டையில் நாணயம் ‘டொக்’ என்றது.

மறுபடி தட்டினாள். அதே சத்தம். ஈரச் சுவரில் தட்டுவதுபோல. உள்ளங்கை இரண்டை அடுத்தடுத்து வைத்த அளவு இடம்.

அவளுக்கு அந்த நாள் திரும்ப வந்தது. ஐந்தாவது பட்டையை விரித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. கையுறை போட்ட விரலுக்குப் பசை எது, தாள் எது என்று தெரியாது. இரண்டும் நீலம்தான். மூன்றாம் தடவை அதிர்ந்தபோது ஆறாவதையும் முடித்துவிட்டு எடுத்தாள்.

இங்கே அவளைத் தவிர யாரும் இல்லை. மாப்பிள்ளை எதையும் சொல்ல மாட்டார். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு ஊர்ந்து வெளியே வந்துவிடலாம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அவள் அதை நினைத்துப் பார்த்தாள். பிறகு சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

“அண்ணி. அஞ்சாவது.”

“தெரியும்,” என்றது பலகைக்கு அந்தப் பக்கக் குரல். “கைய வெச்சுட்டுத்தான் இருந்தேன்.”

*

ஸ்டாப்வாட்ச் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இரண்டு உள்ளங்கை இடம்தானே, கண்டும் காணாமல் இடித்துவிடலாம். இன்னொன்று, சோதனையைத் தள்ளிப் போடலாம். புது உடல் செய்ய மூன்று மாதம் ஆகும். அதற்குள் தலைமை அலுவலகம் இரும்புக்கு ஆர்டர் கொடுத்துவிடும். சொல்லிவிட்டு, ஆவணப்படி தான் பார்க்க வேண்டியது என்று பலகையின் அட்டையைக் கேட்டார்.

தங்கைக்கு அட்டையைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஸ்டாப்வாட்ச் அதைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார். அடுக்கியவர் என்ற இடத்தில் அவளுடைய கிறுக்கல். நீலத்தாள் எண்ணிக்கை: 24. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அண்ணியின் அழகான, நிதானமான கையெழுத்து.

இருபத்து நான்கு என்று எழுதியிருந்ததும் அண்ணியின் கைதான்.

“கொக்கியில பையே இல்ல,” என்றாள் அண்ணி. ஸ்டாப்வாட்சிடம் சொல்வதுபோலத் தொடங்கினாள், ஆனால் பார்வை தங்கையிடம் இருந்தது. “தேடினேன். பசைக்கு நேரம் ஆயிட்டிருந்தது. இவ எண்ணாம விட்டதே இல்லையேன்னு நானே இருபத்து நாலுன்னு எழுதிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் அச்சுக்குப் பக்கத்துல நின்னேன். என்ன நடந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அன்னிக்கு அங்க நின்னது என் காலு மட்டும்தான்.”

ஸ்டாப்வாட்ச் தொண்டையைச் செருமினார். குடும்ப விஷயம் நடக்கும் அறையில் தப்பித் தவறி நுழைந்தவர்போல நேரமானியை ஆராய்ந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் சொன்ன வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தங்கைக்குத் தெரியவில்லை.

“சார்,” என்றாள் அண்ணி, “காருக்கு ரெண்டு பக்கம் இருக்கு.”

வலப்பக்கப் பலகையும் அதே வடிவம், அதே தகடு, அதே பசை. வேறொரு நாளில் அடுக்கியது. அதன் பை கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை ஓடிப்போய் எடுத்து வந்தாள். மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினார்கள். இருபத்து நான்கு. பிறகு நாணயத்தால் இரண்டு முகத்தையும் தட்டினார்கள். முழுக்க டிங். மணி கட்டிய பசு நடந்து போவதுபோல என்று ஸ்டாப்வாட்சே சொன்னார்.

அதற்கப்புறம் கூடம் இடம் மாறும் வீடுபோல ஆனது. பளுதூக்கியில் காரைக் கட்டி, மேலே தூக்கி, அரை வட்டம் சுற்றி, மறுபக்கம் காட்டி இறக்கினார்கள். இரும்பாக இருந்தால் உடல் மட்டுமே முந்நூறு கிலோ, இது நூற்றுத் தொண்ணூறுதான், அதனால்தான் இவ்வளவு சமர்த்தாகச் சுற்றுகிறது என்று பளுதூக்கி ஓட்டுபவர் பெருமைப்பட்டார், தானே பெற்ற பிள்ளைபோல. அறுபது கம்பிகளைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினார்கள். மாப்பிள்ளையை நாலு பேர் தூக்கி அடுத்த இருக்கைக்கு மாற்றினார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே வீடு மாறுகிற மாப்பிள்ளை இவர் ஒருவர்தான் என்று யாரோ சொன்னார்கள்.

பதினோரு மணிக்கு இயக்குநர் அம்மாள் வந்தபோது அண்ணி தானே வாசலுக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று தங்கைக்குக் கேட்கவில்லை. அண்ணி அட்டையை நீட்டியது தெரிந்தது. விரல் முதலில் தன் கையெழுத்தைத்தான் தொட்டது. இயக்குநர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நீண்ட நேரம் படித்தார். பிறகு, இரண்டரை மணிவரை காத்திருப்பதாகவும், மேசையும் தேநீரும் இருந்தால் போதும் என்றும் சொன்னாராம்.

*

இரண்டரைக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் போனார்கள். விளக்குகள் எரிந்ததும் கார் பனியில் நனைந்ததுபோல வெளுத்தது. ஸ்டாப்வாட்ச் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினார். வாழ்க்கையில் அவர் நிதானமாகச் செய்யும் ஒரே காரியம் அதுதான்.

தங்கை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் அண்ணி. இருவர் முழங்கையும் லேசாக உரசிக்கொண்டன. யாரும் நகர்த்திக்கொள்ளவில்லை.

இடிவண்டி கிளம்பியது தெரிந்தது. மோதியது தெரியவில்லை. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சத்தம் மட்டும் கூரையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தது. புறா இருந்த இடத்தில் புறா இல்லை. ஒரு இறகு மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

பச்சை விளக்கு எரிந்ததும் முதலில் நடந்தவள் அண்ணி.

வலப்பக்கம் உள்வாங்கியிருந்தது. ஆனால் எப்படி உள்வாங்க வேண்டும் என்று அண்ணி நாலு வருஷமாக வரைந்து வந்தாளோ, அப்படி. வெளித்தகடு துணி மடிப்பதுபோல அலை அலையாக மடிந்திருந்தது. கிழிந்த இடத்தில் எட்டிப் பார்த்தால் தேன்கூட்டின் அறைகள் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நசுங்கி, அடியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுத் தின்றிருந்தன. தகடு தேன்கூட்டை விடவில்லை. தேன்கூடு தகட்டை விடவில்லை. உள்தகடு வெறுமனே ஒரு வீங்கல் வீங்கி நின்றுவிட்டது.

அண்ணி மடிந்த தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். “சூடா இருக்கு,” என்றாள், காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்ப்பவள்போல.

மாப்பிள்ளையின் விலா அமுங்கிய அளவு திரையில் வந்தது. வரம்பில் பாதிகூட இல்லை. ஸ்டாப்வாட்ச் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்.

இயக்குநர் அம்மாள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. இனி நீலத்தாளை எண்ண இரண்டு கையெழுத்து போதாது, மூன்று வேண்டும். ஸ்டாப்வாட்சுக்கு முகம் மலர்ந்தது. மூன்றாவது கையெழுத்து யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தங்கை எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அண்ணியும் தர வேண்டும். அவ்வளவுதான். இயக்குநர் வண்டி ஏறிப் போய்விட்டார்.

தங்கை வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான். அவள் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னாள், இடித்ததை முதலில், தட்டியதைக் கடைசியில். அப்பா பின்னாலிருந்து என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“சரி, இப்ப நான் யார் சொன்னத யாருக்குச் சொல்லணும்?” என்றான் அண்ணன்.

“யாருக்கும் வேணாம். நாங்களே பேசிக்கிறோம்.”

“அப்ப என் வேலை போச்சா?”

அவள் சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. அது அவளுக்கே கொஞ்சம் துருப்பிடித்ததுபோல இருந்தது.

*

உள்ளே திரும்பியபோது கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. உயர ஜன்னல்கள் வழியே சாயங்கால வெயில் நீள நீளமாக விழுந்திருந்தது. கார் இன்னும் அங்கேயேதான் நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அடிபட்ட வண்டி என்றே தெரியாது. இடப்பக்கம் அளவுகோல்போல நேராக இருந்தது. திறந்த கதவுச் சட்டத்துக்குள் அவள் போட்ட சாக்பீஸ் வட்டம் தெரிந்தது.

அண்ணி ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து வேலைத்தாள் எழுதிக்கொண்டிருந்தாள். நாளை காலை இடப்பக்கப் பலகையை ரம்பத்தால் அறுத்து எடுப்பது, ஐந்தாவது பட்டையைத் திறந்து நீலத்தாளை எடுத்து அறிக்கையோடு இணைப்பது. தங்கை எட்டிப் படித்தாள்.

“அன்னிக்கு வராந்தால நான் சொன்னது,” என்று தொடங்கினாள்.

“அதை எண்ணிக்கிட்டு இருந்தா இன்னிக்குப் பூரா எண்ணலாம்,” என்றாள் அண்ணி. “உக்காரு.”

பெட்டியில் இரண்டு பேருக்கு இடம் போதாது. உட்கார்ந்தார்கள். அண்ணி நாணயத்தை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பும், அதற்கு அடியில் சின்னப் பிள்ளைத்தனமான ஒரு சந்தோஷமும் இருந்தது. நாலு வருஷமாகப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் கட்டிய ஒரு வீட்டுக்குள் இன்று முதல்முறை விளக்குப் போட்டவள்போல.

தங்கை அந்த வட்டத்தையே பார்த்தாள். கேட்காமல் இருந்துவிடலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அனுமதி வந்தாயிற்று. இனி ரம்பம் வரும், தாள் வெளியே வரும், அறிக்கையில் ஒரு பக்கமாக அடங்கிவிடும்.

“அண்ணி, அதை அறுக்க வேணாம்.”

அண்ணி நிமிர்ந்தாள்.

“நாளைக்கு இந்தக் காரை ஆயிரம் பேர் அடுக்குவாங்க. மூணு கையெழுத்துப் போடுவாங்க, நாலு போடுவாங்க. ஆனா அதுல ஒருத்திக்கு, அஞ்சாவது பட்டை விரிக்கிற நேரம் பாத்து, அப்பா விழுந்துட்டார்னு போன் வரும். அவ எண்ண மாட்டா. அந்தக் கார்லயும் யாரோ உக்காந்து போவாங்க.”

அண்ணியின் விரல்களுக்கிடையே நாணயம் நின்றுவிட்டது.

“அந்தப் பலகை தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியல. தாங்கலைன்னா இன்னிக்குக் கெடைச்சது திரும்பப் போயிடும்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன். நீலத்தாள் உள்ள இருக்கும்போதே, நான் தப்பு பண்ண அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை இடிச்சுப் பாருங்க அண்ணி.”